வளர்ந்தால் சரியாகிவிடுமா, இந்தத் தலைவலி?

பத்து வயதுப் பிள்ளை மாதத்துக்கு நாலைந்து தடவை தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டறையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். கண் பரிசோதனை முடிந்தது, கண்ணாடி தேவையில்லை. ஸ்கேனும் எடுத்தாயிற்று, அதிலும் ஒன்றுமில்லை. மருத்துவர் மைக்ரேன் என்கிறார். மருந்து என்ன, எத்தனை வேளை என்பதெல்லாம் அப்புறம்தான். பெற்றோர் முதலில் கேட்பது வேறு: "பெரியவனானால் சரியாகிவிடுமா?"

"வயது ஏற ஏறப் போய்விடும்" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். அதில் பாதி உண்மை, மீதி ஆறுதல். தலைவலி உள்ள பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சேர்த்துப் பார்த்தால், தலைவலி போகவும் செய்கிறது, திரும்பி வரவும் செய்கிறது, சிலருக்கு வேறு வேடம் போட்டுக்கொண்டும் வருகிறது. "போய்விடும்", "போகாது" என்ற இரண்டு பதில்களுக்குள் இது அடங்கவில்லை.

இந்த ஆய்வுகளில் மூத்தது ஸ்வீடனின் உப்சாலா நகரில் நடந்தது. குழந்தை மருத்துவர் பூ பில்லே 7 முதல் 15 வயது வரையுள்ள ஏறத்தாழ 9,000 பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, முடிவுகளை 1962-இல் வெளியிட்டார். சுமார் 4 சதவீதம் பேருக்கு மைக்ரேன் இருந்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. நோய் அழுத்தமாக இருந்த 73 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து 40 ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார். ஏழு வயதில் பார்த்த பிள்ளையை நடுவயதைக் கடந்த மனிதராகப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கும்!

பில்லே கண்டது இது. பருவ வயதிலோ இளமையின் தொடக்கத்திலோ 62 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மைக்ரேனே வரவில்லை. அந்த இடத்தில் ஆய்வை முடித்திருந்தால், "பத்தில் ஆறு பேருக்குப் போய்விடுகிறது" என்ற இனிப்பான செய்தியோடு கதை முடிந்திருக்கும். அவர் முடிக்கவில்லை. அப்படி விடுபட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, சராசரியாக ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, அது திரும்பி வந்தது. 25 வயதுக்கு முன்பே விடுபட்டு, அப்புறம் அந்தப் பக்கமே போகாதவர்கள் 23 சதவீதம். 50 வயதை ஒட்டிய நிலையில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மைக்ரேன் இன்னும் வந்துகொண்டிருந்தது.

ஆறு ஆண்டு என்பது மனித நினைவில் நீண்ட காலம். 14 வயதில் நின்றுபோன தலைவலி 20 வயதில் திரும்பும்போது, அது பழைய ஆள்தான் என்று அந்த இளைஞருக்கே தோன்றாது. புது வேலை, புது ஊர், தூக்கக் குறைவு என்று வேறு காரணம் தேடுவார். புதிதாக ஏதோ பெரிய நோய் வந்துவிட்டதோ என்று பயப்படுவதும் உண்டு. அவருக்கு ஏழு வயதில் என்ன நடந்தது என்று சொல்ல அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால்தான் கதை கோவையாகும்.

பில்லே பின்தொடர்ந்தது மைக்ரேன் கடுமையாக இருந்த பிள்ளைகளை என்பதை மறந்துவிடக் கூடாது. எப்போதாவது தலை வலித்து, ஒரு தூக்கத்தில் சரியாகிவிடும் பிள்ளைக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. தலைவலி ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். சிலர் பள்ளிக்கூடத்தில் போய் எல்லாப் பிள்ளைகளையும் கேட்கிறார்கள். சிலர் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்கிறார்கள். மருத்துவமனைவரை வந்தவர்கள் ஏற்கெனவே தாங்க முடியாமல் வந்தவர்கள்.

பெயரே குழப்புகிறது

தமிழில் மைக்ரேனுக்கு ஒற்றைத் தலைவலி என்று பெயர். பெரியவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். பலருக்குத் தலையின் ஒரு பக்கம் மட்டும் விண் விண்ணென்று தெறிக்கும். பிள்ளைகளுக்கு அப்படியில்லை. பெரும்பாலும் நெற்றி முழுக்க, அல்லது இரண்டு பொட்டிலும் சேர்ந்து வலிக்கும். "ஒரு பக்கம் மட்டுமா வலிக்குது?" என்று கேட்டால் "இல்லை, இங்கே எல்லாம்" என்று நெற்றியில் கையை வைத்துத் தேய்த்துக் காட்டும். அப்படியானால் இது ஒற்றைத் தலைவலி இல்லை, சளியாக இருக்கும், சைனஸாக இருக்கும் என்று கதை வேறு பக்கம் போய்விடுகிறது. வலி ஒரு பக்கமாக ஒதுங்குவது பொதுவாகப் பதின்பருவத்தின் கடைசியிலோ அதற்குப் பிறகோதான். பிள்ளை வளர வளரத்தான் அந்தப் பெயர் பொருந்தத் தொடங்குகிறது என்று சொல்லலாம்.

நேரக் கணக்கும் மாறுகிறது. பெரியவர்களுக்கு மருந்து எடுக்காவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் நீடிப்பதே மைக்ரேனுக்கு அளவுகோல். சர்வதேசத் தலைவலி வகைப்பாடு பிள்ளைகளுக்கு இந்தக் கீழ்வரம்பைத் தளர்த்தி, 2 மணி நேரம் இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. மதியம் வாந்தி எடுத்து, சுருண்டு படுத்து, சாயங்காலம் எழுந்து விளையாடப் போகும் பிள்ளையைப் பார்த்து "நடிக்கிறான்" என்று சொல்பவர்கள் உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பிள்ளைக்கு வந்தது வலிதானா என்று சந்தேகப்படுபவர்களுக்கு இந்த 2 மணி நேரக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

சில பிள்ளைகளின் கதை தலைவலிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கைக்குழந்தையாக இருக்கையில் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தானாகச் சரியாகும். நடக்கப் பழகிய வயதில் திடீரென்று தலை சுற்றி, பயந்துபோய்ப் பக்கத்தில் இருப்பவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பள்ளி வயதில் காரணமே தெரியாத வயிற்றுவலி சுற்றுச் சுற்றாக வரும், அல்லது குறிப்பிட்ட இடைவெளியில் அடக்க முடியாத வாந்தி வரும். இவற்றை மைக்ரேனோடு தொடர்புடைய நிலைகள் என்று மருத்துவம் இன்று ஒரே குடும்பத்தில் சேர்க்கிறது. கைக்குழந்தைகளின் இடைவிடாத அழுகை வயிற்றுப் பிடிப்பால் வருவது என்று நெடுங்காலமாக நம்பியிருந்தோம். 2013-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு இதைக் கொஞ்சம் அசைத்தது. மைக்ரேன் உள்ள பிள்ளைகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்படி அழுதவர்கள். மைக்ரேன் இல்லாத பிள்ளைகளில் அது ஏறக்குறைய 27 சதவீதம். அழும் குழந்தைக்கெல்லாம் மைக்ரேன் வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே மரபுக்கூறு வயதுக்கேற்ப வெவ்வேறு உறுப்பின் வழியாகப் பேசுகிறதோ என்ற ஊகத்துக்கு மட்டும் இது வலு சேர்க்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நன்றாகக் கூடிவிடுகிறது என்பது எல்லோரும் ஒப்புக்கொள்வது.

உருமாற்றம் பதின்பருவத்துக்குப் பிறகும் ஓய்வதில்லை. இத்தாலியில் மைக்ரேன் இருந்த பதின்பருவத்தினரைப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சுமார் 42 சதவீதம் பேருக்கு மைக்ரேன் தொடர்ந்தது, 38 சதவீதம் பேருக்கு நின்றுவிட்டது, 20 சதவீதம் பேருக்கு அது டென்ஷன் தலைவலியாக மாறியிருந்தது. தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கினாற்போல் இருக்குமே, குமட்டல் இல்லாமல், அந்த வகை. கனடாவில் 1983-இல் தலைவலிக்காகச் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளை 20 ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்தார்கள். 27 சதவீதம் பேருக்குத் தலைவலி இல்லை. 33 சதவீதம் பேருக்கு டென்ஷன் தலைவலி, 17 சதவீதம் பேருக்கு மைக்ரேன், 23 சதவீதம் பேருக்கு இரண்டுமே. வியன்னாவில் ஆறரை ஆண்டு கழித்துப் பார்த்ததில் 30 சதவீதம் பேர் விடுபட்டிருந்தார்கள்.

நாடு வேறு, காலம் வேறு, ஆய்வின் முறை வேறு. ஆனாலும் மருத்துவமனைக்கு வரும் அளவுக்குத் தலைவலி இருந்த பிள்ளைகளில் முழுசாக விடுபடுகிறவர்கள் நாலில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் என்ற அளவையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்க அவதிப்படுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களில் பெரும்பங்கினருக்கு வலி வரும் எண்ணிக்கை குறைகிறது, அல்லது வலியைச் சமாளிக்கப் பழகிவிடுகிறார்கள். இத்தாலியின் இன்னோர் ஆய்வு 100 பேரை எட்டு ஆண்டு பின்தொடர்ந்தது. அதில் விடுபட்டவர்கள் 34, குறைந்தவர்கள் 45, அப்படியே இருந்தவர்கள் 15, மோசமானவர்கள் 6. பெற்றோருக்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். "போய்விடுமா?" என்று கேட்டால் மூன்றில் ஒருவருக்கு. "இப்போதைவிட நன்றாக இருக்குமா?" என்று கேட்டால் ஐந்தில் நால்வருக்கு.

பருவம் அடையும்போது

சிறு வயதில் மைக்ரேன் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய சமமாக வருகிறது. சில கணக்கெடுப்புகளில் ஆண் பிள்ளைகளே சற்று அதிகம், அவர்களுக்குச் சீக்கிரமாகவும் தொடங்குகிறது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வரும் பருவத்தில் தராசு சாய்ந்துவிடுகிறது. பெரியவர்களானதும் ஆணைவிடப் பெண்ணுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்குவது, குறிப்பாக மாதவிடாய்க்குச் சற்று முன்பு சட்டென்று இறங்குவது, முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். பில்லேயின் பிள்ளைகளிலும் இளம் வயதிலேயே விடுபட்டவர்களில் ஆண்களே அதிகம்.

ஆகவே "வளர்ந்தால் போய்விடும்" என்ற சொல் ஒரு பையனின் விஷயத்தில் பலிக்கும் வாய்ப்பு கூடுதல். அதே வீட்டில் அவன் தங்கைக்கு எட்டு வயதில் லேசாக இருந்தது பதின்மூன்று வயதில் வலுக்கலாம். மாதவிடாய் தொடங்கிய பிறகு தலைவலி வந்த நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் ஒரே காலண்டரில் குறித்து வைத்தால் மூன்று, நான்கு மாதத்தில் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்தச் சின்ன வேலையைப் பல வீடுகளில் யாரும் செய்வதில்லை, பேசக் கூச்சம்.

பதின்பருவத்தின் இன்னொரு சிக்கல் தூக்கம். அந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு தூக்கம் வர நேரமாகிறது. பள்ளி மணி மட்டும் அதே நேரத்துக்கு அடிக்கிறது. தூக்கக் கடன் ஏறிக்கொண்டே போய், விடுமுறை நாளில் மதியம்வரை தூங்கி ஈடுகட்டப் பார்ப்பார்கள். மைக்ரேன் மூளைக்கு குறைந்த தூக்கமும் ஆகாது, திடீரென்று கூடும் தூக்கமும் ஆகாது. நேரத்துக்குச் சாப்பிடாமல் விடுவதும் அப்படித்தான். கோடை விடுமுறையில் குறைந்து, பள்ளி திறந்ததும் தலைவலி கூடுவதைப் பல நாடுகளில் மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று இதை எடுத்துக்கொள்வது எளிது. தூக்கம், சாப்பாடு, தேர்வு, சக பிள்ளைகளின் சீண்டல் எல்லாம் ஒரே வாரத்தில் மாறுகின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்காது.

முன்னைவிட இப்போது பிள்ளைகளுக்குத் தலைவலி அதிகமா? பின்லாந்தின் துர்க்கு நகரில் ஏழு வயதுப் பிள்ளைகளை 1974-இலும் 1992-இலும் கணக்கெடுத்தார்கள். தலைவலி சொன்னவர்கள் 14 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகவும், மைக்ரேன் 1.9-இலிருந்து 5.7 ஆகவும் ஏறியிருந்தன. கைபேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது இது என்பதைத் திரையின் மீது எல்லாப் பழியையும் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கம் கூடியிருந்தால்கூட எண்ணிக்கை ஏறும். முழுக்கவும் அதுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது.

யாருக்குத் தங்கிவிடுகிறது

நோய் தெரிந்தபோதே வலி கடுமையாக இருந்தவர்கள், வீட்டில் மைக்ரேன் உள்ளவர்கள், மிகச் சிறு வயதில் தொடங்கியவர்கள், கூடவே மனப்பதற்றமோ மனச்சோர்வோ உள்ளவர்கள். இவர்களுக்கு நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பிரிட்டனில் 1958-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வில், 7, 11 வயதுகளில் அடிக்கடி தலைவலி இருந்தவர்களுக்கு 33 வயதில் தலைவலி மட்டுமின்றி வேறு உடல் உபாதைகளும் மன உபாதைகளும் கூடுதலாகவே இருந்தன. தலைவலியால்தான் மனம் கெட்டதா, மனத்தால்தான் தலை வலித்ததா என்ற வழக்கு தீராதது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் நடைமுறைக்கு உதவும்.

மாதத்தில் 15 நாளுக்கு மேல் தலை வலிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தைவானில் இருந்து ஒரு நல்ல செய்தி உண்டு. அப்படித் தினசரித் தலைவலி இருந்த 12 முதல் 14 வயதுள்ள 122 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டில் 40 சதவீதம் பேருக்கும், இரண்டாண்டில் 25 சதவீதம் பேருக்கும், எட்டாண்டில் 12 சதவீதம் பேருக்கும் மட்டுமே அந்த நிலை நீடித்தது. தங்கிப்போனவர்களில் வலி மாத்திரையை அளவுக்கு மீறிப் போட்டுப் பழகியவர்கள் அதிகம்.

இந்த ஒன்று மட்டும் நம் கையில் இருப்பது. பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்ற சாதாரண மாத்திரைகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மைக்ரேன் வலியை நிறுத்தவே தரும் டிரிப்டான் வகை மருந்துகளை 10 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இதைக் கேட்டுப் பயந்து, வலி தாங்க முடியாமல் துடிக்கும்வரை மருந்து கொடுக்காமல் இருப்பதும் தவறு. வலி தொடங்கியதுமே, எடைக்குத் தகுந்த சரியான அளவு, ஆனால் வாரத்தில் இரண்டு, மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஈரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்க்குறி என்ற அபூர்வமான, ஆபத்தான விளைவு அதற்கு உண்டு.

மைக்ரேன் வராமலிருக்கத் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்துகளைப் பற்றி 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று மருத்துவர்களையே திகைக்க வைத்தது. 8 முதல் 17 வயதுள்ள 361 பேரில் சிலருக்கு அமிட்ரிப்டிலின், சிலருக்கு டோபிரமேட், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 சதவீதம். ஆமாம், வெற்று மாத்திரைதான் முதலில் நின்றது! மருந்துகளுக்குப் பக்கவிளைவு இருந்ததுதான் மிச்சம். தொடர்வதில் பயனில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். மூன்றாண்டு கழித்து விசாரித்தபோது குறைந்தது குறைந்தபடியே இருந்தது. அப்போது பெரும்பாலோர் எந்தத் தடுப்பு மருந்தும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு மருந்தெல்லாம் ஏமாற்று என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. என் வாசிப்பு வேறு. அந்த மூன்று குழுவுக்கும் பொதுவாகக் கிடைத்தது என்ன? நோய்க்குப் பெயர் கிடைத்தது, வலியை நம்பும் ஆட்கள் கிடைத்தார்கள், நாள் தவறாமல் குறிப்பு எழுதினார்கள், தூக்கமும் சாப்பாடும் பற்றிப் பேசினார்கள், அப்புறம் காலமும் தன் வேலையைச் செய்தது. இதற்கு முன்பே, 2013-இல், நாள்பட்ட மைக்ரேன் உள்ள 135 பேரிடம் நடந்த ஆய்வில் அமிட்ரிப்டிலினோடு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு 28 நாளில் 11.5 நாள் குறைந்தது. மருந்தோடு தலைவலி பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களுக்கு 6.8 நாள். மூச்சைச் சீராக்குவது, தசையைத் தளர்த்துவது, வலி வரும்போது ஓடும் எண்ணங்களைக் கவனிப்பது போன்ற பயிற்சிகள்தான் அதில் பெரும்பகுதி. வயதாகியும் கூடவே வரும் திறமை இது. மாத்திரைக்கு அந்தக் குணம் கிடையாது.

நீண்ட காலப் போக்கைப் பேசும்போது அவசரத்தை மறந்துவிடக் கூடாது. நல்ல தூக்கத்தில் இருந்து எழுப்பும் வலி, காலையில் எழுந்ததும் வாந்தி, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் வலி, இருமினாலோ குனிந்தாலோ கூடும் வலி, நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாவது, வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் வலி, மிகச் சின்னக் குழந்தைக்கு வரும் தலைவலி: இவற்றில் எதுவானாலும் "வளர்ந்தால் போய்விடும்" என்று காத்திருக்க இடமில்லை, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை எதுவுமின்றி, நரம்பியல் பரிசோதனையும் சரியாக இருந்து, மாதக்கணக்கில் ஒரே மாதிரி வந்து போகும் தலைவலியில் ஸ்கேன் எதையும் புதிதாகக் காட்டுவது அரிது.

பள்ளி முடித்துக் கிளம்பும் பிள்ளையிடம் தடுப்பூசி அட்டையைக் கொடுத்து அனுப்புகிறோம். அதோடு ஒரு தாளும் சேரலாம்: எந்த வயதில் தொடங்கியது, எப்படி வலித்தது, கண்முன் ஒளிக்கோடுகள் வந்ததுண்டா, எந்த மருந்து எந்த அளவில் கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, கடைசியாக வந்தது எப்போது. அந்த ஒளிக்கோடுகளைப் பற்றிய வரி பெண் பிள்ளைக்கு முக்கியம். அப்படிப்பட்ட மைக்ரேன் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள், பக்கவாத ஆபத்து கூடும் என்பதால். பத்து வருடம் கழித்து ஒரு புது மருத்துவர் அதைக் கேட்பார், பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.